மூச்சோட்டை

பெட்டி மூன்றாம் முறையும் வால்தம்ஸ்டோவுக்குத் திரும்பி வந்தது. முதல் இரண்டு முறையும் தேவராசாவின் தங்கை நாகேஸ்வரி இலண்டனின் மறுகோடியிலுள்ள ஹரோவிலிருந்து ரயிலேறி வந்து, ஒன்றும் சொல்லாமல் நீட்டிவிட்டுப் போனாள். இந்த முறை அவள் கொண்டுவந்த பெட்டியோடு ஒரு துண்டுக் கடுதாசியும் இருந்தது. அவளுடைய கணவர் இராஜேந்திரன் தம் கைப்பட எழுதியது.

"பழுதான சரக்கு. செய்தவனும் பழுது. திருப்பி அனுப்பப்படுகிறது."

கீழே கையெழுத்து, திகதி. இருபது வருடம் பலசரக்குக் கடை நடத்திய மனிதர். புழுத்த பருப்பையும் உடைந்த போத்தலையும் இப்படித்தான் திருப்பியிருப்பார்.

தேவராசா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, சாரிக்கடையின் முன்மூலையில் தான் வாடகைக்கு எடுத்திருந்த நாலடித் திருத்துமேசையின் மேல் கவிழ்த்து வைத்தான்.

"அண்ணை, கோவிக்காதையுங்கோ. இவர் நோவில எழுதினது" என்றாள் நாகேஸ்வரி.

"நோ காலிலயோ, வாயிலயோ?"

"அண்ணை!"

"சரி, சரி. என்ன செய்யுதாம்?"

"முந்தினமாதிரித்தான். நாலைஞ்சு இழுவையோட புகை நிண்டிடுதாம். பிறகு இழுக்க இழுக்கக் கைச்சல் தண்ணிதான் வாய்க்குள்ள வருதாம். 'கொண்ணன் எனக்கு நஞ்சு பருக்கிறான்' எண்டு வீடு அதிரக் கத்துறார்."

"நஞ்சு பருக்கிறதெண்டால் ஒரு போத்தில் காணும். இவ்வளவு பாடுபட்டுப் பெட்டி செய்யத் தேவையில்லை எண்டு சொல்லு."

நாகேஸ்வரி சிரிக்கவில்லை. கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "வியாழக்கிழமை ஊதவேணும், அண்ணை. இந்த முறையும் கூடக் காட்டினால் டொக்டர் இனி எங்களைப் பாக்கமாட்டார்."

கதை இதுதான். இராஜேந்திரனுக்கு ஐம்பத்தேழு வயது. ஒரு நாளைக்கு முப்பது சிகரெட். சீனி வியாதியும் சேர்ந்ததில் இடது காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபட்டு, பெருவிரல் கறுக்கத் தொடங்கிவிட்டது. குழாயைத் திருத்த ஒப்பரேசன் செய்யலாம், ஆனால் புகைக்கிறவருடைய குழாயைத் திருத்தி நான் என் நேரத்தை வீணாக்கமாட்டேன் என்று வைத்தியர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். விட்டாரா இல்லையா என்று பார்க்க ஒரு தாதி சிறு கருவியொன்றை ஊதச் சொல்வாள். புகைத்தவரின் மூச்சிலுள்ள நச்சுக்காற்றை அது எண்ணால் காட்டும். போன முறை இராஜேந்திரன் ஊதியபோது பத்தொன்பது. பத்துக்குக் கீழே வந்தால் கால். வராவிட்டால் கால் இல்லை. அவ்வளவு சுருக்கமான கணக்கு.

ஒட்டும் துண்டு, சுவிங்கம், மாத்திரை எல்லாம் பார்த்துக் கைவிட்ட பிறகு நாகேஸ்வரிக்கு அண்ணனின் நினைவு வந்தது. தேவராசாவும் புகைத்தவன்தான். அதை விட்டு ஏழு மாதம். விட்டது மனவலிமையால் அல்ல, கைவேலையால். அந்த இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் பற்றறியில் வேலைசெய்யும் சிகரெட்டுகள் சீனாவிலிருந்து தபாலில் வரத் தொடங்கியிருந்தன. பேனா அளவு, பத்து இழுவையோடு செத்துவிடும். அமெரிக்காவில் சிலர் ரோச்லைற் குழாய்க்குள்ளும் பிளாஸ்ரிக் பெட்டிக்குள்ளும் பெரிய பற்றறி வைத்துத் தாங்களே செய்வதை அவன் இணையத்தில் பார்த்தான். ஜேர்மனியில் பதினொரு வருடம் காதுக்கருவித் தொழிற்சாலையில் மயிர்க்கம்பிக்கு ஈயம் பற்றவைத்த கைக்கு அது பெரிய வேலையா? தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய கறுப்புப் பெட்டி. உள்ளே இரண்டு லித்தியம் பற்றறி. பக்கத்தில் அமத்துகிற சுவிச். மேலே ஒரு திருகுவாய். அதில் விரல்நுனி அளவான அற்றமைசர், அதாவது சூடாகி நிக்கொட்டின் தண்ணியை ஆவியாக்குகிற சின்னக் குழாய். அதன்மேல் வாய்வைக்கும் துண்டு. எதுவும் எரிவதில்லை, அதனால் அந்த நச்சுக்காற்றும் இல்லை. அப்படி ஒன்றைச் செய்து சட்டைப்பையில் போட்ட நாள் தொடக்கம் தேவராசா சிகரெட்டைத் தொடவில்லை.

தங்கை வந்து கேட்டபோது அவன் முதலில் முடியாது என்றுதான் சொன்னான். அதற்குக் காரணம் இருந்தது.

நாலு வருடத்துக்கு முன் இராஜேந்திரன் ஹரோவில் ஐந்து அறை வீடு வாங்கிக் குடிபுகுந்த நாள். சனம் நிறைந்த சபையில் அவர் மச்சானைப் பார்த்து, "பதினொரு வருசம் ஜேர்மனியில நிண்டவர், ஒரு கதவுநிலை வாங்கக்கூட வக்கில்லை" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தேவராசாவும் சிரித்திருந்தால் அது அன்றோடு கரைந்திருக்கும். அவன் கையிலிருந்த சர்பத்தை வைத்துவிட்டு, "பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஐஞ்சு அறை எதுக்கு? ஒண்டில அழலாம், மற்ற நாலிலயும் ஆர் இருந்து கேக்கிறது?" என்றான்.

அந்த வார்த்தையை அவன் இராஜேந்திரனின் நெஞ்சைக் குறிவைத்து எறிந்தான். அது போய் விழுந்த இடம் வேறு. குசினி வாசலில் பலகாரத் தட்டோடு நின்ற தங்கையின் முகத்தை அவன் கண்டான். அன்று தொடக்கம் அவன் அந்த வீட்டுப் படி மிதித்ததில்லை. மச்சான்மார் இருவருக்கும் பேச்சுமில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் ஊரிலிருந்து வந்த சேதிகளால் இலண்டனில் எல்லார் வீட்டிலும் கோபம் கட்டிக்கிடந்தது. யாரிடம் காட்டுவதென்று தெரியாமல் மனிதர்கள் கிட்ட நின்றவர்களைக் கடித்தார்கள். இவர்களுக்கோ கடிப்பதற்கு ஆள் முன்பே தயாராக இருந்தது.

ஆனாலும் தங்கை இரண்டாம் முறை கேட்டபோது அவன் செய்தான். செய்யும்போது அவனுக்கு ஒரு எண்ணம் இருந்தது. இராஜேந்திரன் தன் கைவேலையை வாயில் வைத்துக்கொண்டு உயிர் பிழைக்கட்டும். அதைவிடப் பெரிய பழி வேறு என்ன? இப்படியொரு எண்ணத்தோடு செய்த உதவி நேராக வேலை செய்யுமா என்று கேட்கவேண்டியவர்கள் கேட்கலாம்.

நாகேஸ்வரி போன பின் தேவராசா பெட்டியின் மூடியைக் கழற்றினான். பற்றறி இரண்டும் நிறையச் சார்ஜ். சுவிச் சரி. ஈயம் பற்றவைத்த இடங்கள் ஒவ்வொன்றையும் மீற்றரின் ஊசியால் தொட்டுப் பார்த்தான், எங்கும் தளர்வில்லை. மூடி திறந்தபடியே தன்னுடைய அற்றமைசரைப் பூட்டி இழுத்தான். கடைக்குள் பால்கோவா வாசத்தோடு ஆவி பரவி, சாரி பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். பெட்டியில் ஒரு குறையுமில்லை.

இராஜேந்திரனின் அற்றமைசரை மட்டும் அவன் வாயில் வைக்கவில்லை. எச்சில் என்பது ஒன்று. அந்த மனிதனுடைய எச்சில் என்பது இன்னொன்று. சுவிச்சை அமத்தி, உள்ளே கம்பி சிவக்கிறதா என்று கண்ணால் பார்த்துத் திருப்திப்பட்டான். அதன் அடியில் கடுகளவு மஞ்சள் பொருக்கு ஒட்டியிருந்தது. ஈயம் வைக்கும்போது பூசுகிற பசை காய்ந்தால் இதே நிறம். தன் கையின் அழுக்குத்தான் என்று நினைத்து வெட்கத்தோடு சுரண்டி ஊதினான். ஜேர்மனியில் மேற்பார்வைக்காரி கண்டிருந்தால் முகம் சுளித்திருப்பாள்.

போன இரண்டு முறையும் அவன் இதையேதான் செய்திருந்தான். இதே முறை, இதே ஒழுங்கு, இதே பொருக்கு. மேசையில் நன்றாக வேலைசெய்யும் பெட்டி ஹரோவுக்குப் போனதும் ஏன் மூச்சடைக்கிறது? "அந்த ஆள் வேணுமெண்டே கெடுக்கிறான்" என்றுதான் அவனுக்குத் தோன்றியது. சிகரெட்டை விட மனமில்லாதவன் குற்றத்தைச் செய்தவன்மேல் போடுகிறான். இந்த முடிவு அவனுக்கு மிகவும் இனித்தது. மூடியைப் பூட்டிப் பெட்டியை ஹரோவுக்குத் திருப்பி அனுப்பினான்.

சனிக்கிழமை பின்னேரம் நாகேஸ்வரி தொலைபேசியில் அழுதாள். பெட்டி மறுபடி நின்றுவிட்டது. பின்னால் இராஜேந்திரனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அழாதை! அவனுக்கு அதுதான் விருப்பம். என்ர கால் போனாப் பிறகு நொண்டி எண்டு கூப்பிடலாமெல்லே! நாளைக்கு நான் கடைக்குப் போறன். ஒரு பெட்டி சிகரெட் வாங்கிறன். கால் போனாப் போகட்டும், மானத்தோட போகட்டும்."

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோவன். உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

அவள் கும்பிட்டுக் கேட்டது அவனுக்குச் சுட்டது. அவன் கும்பிட்டுக் கேட்கவேண்டிய ஒன்று நாலு வருடமாகப் பாக்கியிருந்தது.

ஞாயிறு மெற்றோபொலிற்றன் லைனில் ரயில் ஓடவில்லை. மாற்று பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்று நின்று, ஒரு மணித்தியாலப் பயணத்தை இரண்டாக்கியது. மழைக்கு நனைந்த கருவிப்பையோடு தேவராசா அந்த வீட்டு மணியை அடித்தபோது பதினொன்றரை.

இராஜேந்திரன் முன்னறைச் சோபாவில் சாரம் கட்டியபடி இருந்தார். இடது கால் ஒரு குஷன்மேல். பக்கத்து மேசையில் ஒரு சிகரெட் பெட்டி, இன்னும் உறை கிழிக்காமல். அதன்மேல் ஒரு லைற்றர். தேவராசாவைக் கண்டதும் அவர் முகத்தை ரீவியின் பக்கம் திருப்பினார். ரீவி ஓடவில்லை.

"நாகேசு, கொண்ணரைக் கேள், வழி தெரிஞ்சுதோ எண்டு. நாலு வருசத்தில மறந்திருப்பார்."

"நாகேசு, உன்ர மனிசனிட்டச் சொல்லு, ரெயில் இல்லை, பஸ்ஸில வந்தனான் எண்டு."

"பஸ்ஸில ஏறி இறங்கக் கால் இருக்கிறவைக்கு வாழ்த்து எண்டு சொல்லு."

இருவருக்கும் நடுவில் நின்ற நாகேஸ்வரி எதையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, இரண்டு பேருக்கும் காது நன்றாகக் கேட்டது.

"பன்ரண்டரை மட்டும் பாப்பன்" என்றார் இராஜேந்திரன், அணைந்திருந்த ரீவியைப் பார்த்தபடி. "அதுக்குள்ள உவற்ற மந்திரப்பெட்டி புகைக்காட்டி நான் புகைப்பன். விடியத் தொடக்கம் கை நடுங்குது. மனிசன் எவ்வளவுக்கெண்டு பொறுக்கிறது?"

அந்தக் கடைசிச் சொல்லில் மட்டும் கோபம் இல்லை. தேவராசாவுக்கு அந்த நடுக்கம் தெரியும். அவன் குசினி மேசையில் கருவிகளைப் பரப்பினான். இடையில் கதவில்லை, சோபாவிலிருந்து எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும்.

"பெட்டி எங்க?"

"சாமியறையில. எடுத்துக்கொண்டு வாறன். காலமை பூசை முடிஞ்ச கையோட சாமிக்கு முன்னால வைச்சுத்தான் இவரிட்டக் குடுக்கிறனான்" என்று நாகேஸ்வரி படியேறினாள்.

தேவராசா சுற்றிப் பார்த்தான். ஃபிறிட்ஜின் கதவில் ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். அரைக்கிற மெசினில் ஒன்று. சுவரிலிருந்த காஸ் மீற்றரில் ஒன்று. வாசலில் நின்ற காரின் முகப்பிலும் ஒன்று கண்டது ஞாபகம் வந்தது. அந்த வீட்டில் உழைக்கிற பொருள் எதுவும் பொட்டில்லாமல் இருக்கவில்லை. எல்லாவற்றிலும் இருப்பது எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

நாகேஸ்வரி பித்தளைத் தட்டில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள்.

கறுப்பு மூடியின் சரி நடுவில், ஐந்து பென்ஸ் நாணயக்குற்றி அளவில், தடித்த சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம். பெருவிரல் தினமும் பட்டுப்பட்டு அது நன்றாக அமுங்கியிருந்தது.

தேவராசா மூடியை வெளிச்சத்துக்குப் பிடித்தான்.

அந்த மூடியின் நடுவில்தான் அவன் ஓட்டை போட்டிருந்தான். குண்டூசித் தலையிலும் சற்றுப் பெரிய ஓர் ஓட்டை. அவன் அதை மூச்சோட்டை என்பான். அதற்கு இரண்டு வேலை. வாயில் வைத்து இழுக்கும்போது வெளிக்காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகவேண்டும். அடைத்தால் ஆவி வராது, வெறும் தண்ணிதான் மேலே ஏறும். இரண்டாவது வேலை ஒருபோதும் வரக்கூடாத வேலை. லித்தியம் பற்றறி கெட்டுப்போய்க் காற்றைக் கக்கினால் அந்தக் காற்று வெளியே போக அது ஒன்றுதான் வழி. அடைபட்ட பெட்டி குண்டு. அதை ஒரு மனிதன் வாய்க்குக் கிட்ட வைத்துக்கொண்டு மூன்று கிழமையாக உறிஞ்சியிருக்கிறான். 'நஞ்சு பருக்கிறான்' என்று அவர் போட்ட கூச்சலில் ஒரு மயிரிழை உண்மை இருந்திருக்கிறது.

மேசையில் ஏன் ஒவ்வொரு முறையும் வேலை செய்தது என்பதும் இப்போது விளங்கியது. அவன் மூடியைக் கழற்றிவிட்டுத்தான் சோதித்தான். மூடி போட்டு, இராஜேந்திரனின் அற்றமைசரோடு, அந்த மனிதன் இழுக்கிறமாதிரி ஒருக்காலும் இழுத்துப் பார்க்கவில்லை. வேறு ஆருக்காவது செய்திருந்தால் துடைத்துவிட்டு ஒரு இழுவை இழுத்திருப்பான்.

"நாகேசு, என்னட்டக் கொண்டு வரேக்க இதைத் துடைச்சனியோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

"ஓம், ஈரச்சீலையால வடிவாத் துடைச்சுத்தான். இவற்ற எச்சில் பட்ட சாமானை உங்கட கையில எப்பிடி அப்பிடியே தாறது?"

அவன் ஓர் ஊசியை எடுத்து ஓட்டைக்குள் மெல்லக் கடைந்தான். இறுகிய சந்தனம் சிறு திரியாக வந்து வெள்ளைக் கடுதாசியில் விழுந்தது. பிறகு இன்னொரு திரி. அற்றமைசரின் அடியிலிருந்தும் அதே மஞ்சள். ஈயப்பசை என்று மூன்று முறை சுரண்டி எறிந்தது இதைத்தான். குசினியில் மெல்லியதாக வாசம் எழுந்தது.

நாகேஸ்வரி கடுதாசியைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை அவன் கண்டான். நாலு வருடத்துக்கு முன் குசினி வாசலில் கண்ட அதே முகம். அவரைக் காப்பாற்ற என்று தினமும் வைத்த பொட்டு. மூன்று கிழமையும் அவரை வாட்டியது அந்தப் பொட்டு. அவள் வாயைத் திறந்தாள்.

"என்னவாம்?" சோபாவிலிருந்து குரல் வந்தது. "என்ன, கள்ளன் பிடிபட்டிட்டானோ?"

தேவராசாவின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. அது பொய்யுமில்லை. 'என்ர வேலையில பிழையில்லை, உங்கட வீட்டுப் பிழை' என்று ஒரே வரியில் மூன்று கிழமை வசவையும் திருப்பிக் கொடுக்கலாம். கடுதாசித் துண்டுக்குக் கையெழுத்தோடு பதில் அனுப்பலாம். அது உண்மை என்பதால் இன்னும் ஆழமாகப் போகும். போகிற வழியில் யார் நிற்கிறார்கள் என்று இந்த முறை அவன் எறிவதற்கு முன்னமே பார்த்துவிட்டான்.

கடுதாசியைக் கசக்கிப் பைக்குள் போட்டான்.

"பிழை என்ர" என்று சத்தமாகச் சொன்னான். நாலு வருடத்தில் முதல் முறையாக, தங்கையிடம் அல்ல, நேராக அவரிடம். "ஓட்டையைத் தப்பான இடத்தில போட்டிட்டன். விரல் படுற இடத்தில போட்டிருக்கக் கூடாது. அடைச்சுப் போச்சு. அதுதான் தண்ணி வந்தது."

அது முழுப் பொய்யுமல்ல. விரல் படுகிற இடத்தில் மூச்சோட்டை போடுகிறவன் நல்ல தொழிலாளி இல்லை.

இராஜேந்திரன் சோபாவில் நிமிர்ந்தார். அவர் முகத்தில் அப்படியொரு ஒளி பல மாதமாக இருந்திருக்காது.

"கேட்டியா நாகேசு? கேட்டியா? ஜேர்மன்காரன்ர கைவேலை! மூண்டு கிழமையா நான் கத்தினன், என்னை விசரன் எண்டியள். ஒரு ஓட்டை போடத் தெரியாதவனிட்டை என்ர காலைக் குடுத்தியே!"

"ஓம்" என்றான் தேவராசா.

"என்ன ஓம்?"

"நீங்கள் சொல்லுறது சரி எண்டுறன்."

சண்டைக்கு வந்தவனுக்கு எதிரி கையைத் தொங்கப் போட்டால் அதைவிட எரிச்சல் வேறில்லை. இராஜேந்திரன் இன்னும் ஐந்து நிமிடம் பேசினார். ஜேர்மனியைப் பேசினார், வாடகை மேசையைப் பேசினார், மாமனார் கொடுத்த சீதனத்தைப் பேசினார். தேவராசா கைத்துரப்பணத்தால் பெட்டியின் அடிப்பக்கத்தில், விரலோ பொட்டோ எட்டாத மூலையில், இரண்டு புதிய ஓட்டை போட்டான். பழைய ஓட்டையைப் பசையிட்டு மூடித் தேய்த்தான். நாகேஸ்வரி தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, கழுவப் பாத்திரமில்லாத தொட்டியின் முன் முதுகைக் காட்டி நின்றாள்.

பெட்டி சரி. ஆனால் அற்றமைசர் செத்துவிட்டது. சந்தனம் உள்ளே இழுபட்டுக் கம்பியோடு வெந்து கறுத்திருந்தது. புதியது வால்தம்ஸ்டோ மேசை இலாச்சியில். ரயில் இல்லாத ஞாயிறு. நேரம் பன்னிரண்டு இருபது.

"நாளைக்குத்தான் ஏலும்" என்றான்.

இராஜேந்திரன் மணியைப் பார்த்தார். சிகரெட் பெட்டியை எடுத்து மடியில் வைத்தார். உறையின் சிவப்பு நூலைத் தேடிய விரல்கள் நடுங்கியதில் அது இரண்டு தரம் தப்பியது. நாகேஸ்வரி குழாயை மூடினாள். மூன்று பேரும் அந்த விரல்களையே பார்த்தார்கள்.

தேவராசா முன்னறைக்குப் போனான். சட்டைப்பையிலிருந்து தன் சொந்தப் பெட்டியை எடுத்தான். ஏழு மாதமாக அவனைச் சிகரெட்டிலிருந்து பிரித்து வைத்திருந்தது அது ஒன்றுதான். வாய்த்துண்டைச் சட்டையின் உள்பக்கத்தால் துடைத்து நீட்டினான்.

"இதைப் பிடியுங்கோ, மச்சான்."

இராஜேந்திரன் அதைப் பார்த்தார். "உன்ர வாயில வைச்சது."

"ஓம்."

"எச்சில்."

"எச்சில்தான். வேற ஒண்டும் கையில இல்லை. மனமில்லாட்டி விடுங்கோ."

"என்ர அப்பரின்ர எச்சிலைக்கூட நான் தொட்டதில்லை."

"கொப்பருக்குப் பெட்டி செய்யத் தெரியாது."

இராஜேந்திரனின் வாயோரம் ஒரு கணம் இழுபட்டது. சிரிப்போ நோவோ தெரியவில்லை. அவர் பெட்டியைப் பறித்தார் என்றுதான் சொல்லவேண்டும். சாரத்தின் ஓரத்தால் வாய்த்துண்டை நாலு தரம், தோல் உரிகிறமாதிரித் தேய்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். நீளமாக. வெள்ளை ஆவி மூக்கால் இறங்கியது. தோள் தாழ்ந்தது. இரண்டாம் இழுவையில் கை நடுக்கம் குறைந்தது. ஐந்தாம் இழுவைக்குப் பிறகும் ஆவி வந்தது.

"பால்கோவா" என்றார் அருவருப்போடு. "சின்னப்பிள்ளையள் குடிக்கிற சாமான்."

ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியிலிருந்த சிகரெட் பெட்டியை எடுத்துத் தேவராசாவின் நெஞ்சுக்கு எறிந்தார்.

"இதை இந்த வீட்டை விட்டுக் கொண்டு போ. இருந்தால் பத்துவன். நீயும் போ."

அவன் திருத்திய பெட்டியைக் கருவிப்பையில் போட்டுக்கொண்டு போனான். மாற்று பஸ்ஸில் மேல்தட்டில் இருந்தபோதுதான் தன் நிலை விளங்கியது. சட்டைப்பையில் தன் பெட்டி இல்லை. அதற்குப் பதிலாக இருபது சிகரெட், உறை கிழியாமல். விரல்கள் தாமாகவே அதைத் தடவின. வெம்பிளி கழியும்வரை தடவின. அவனுக்கு இராஜேந்திரன்மேல் பொல்லாத கோபம் வந்தது. தாகத்தில் இருப்பவனின் கையில் கள்ளுப்பானையைக் கொடுத்து அனுப்புகிறவன் மனிதனா என்று. பிறகு, அதே மனிதன் விடியத் தொடக்கம் இதே பெட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உறை கிழிக்காமல் இருந்தானே என்று நினைத்தான். அந்த நினைப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அது போக மறுத்தது. அடுத்த தரிப்பில் இறங்கிச் சிகரெட் பெட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, மழையில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றான்.

திங்கட்கிழமை இராஜேந்திரனின் பெட்டியில் புதிய அற்றமைசரைப் பூட்டினான். இந்த முறை மூடியைப் போட்டு, வாயில் வைத்து, பத்து இழுவை இழுத்துப் பார்த்து, சாரிக்கடைக்காரரின் மகள் ஹரோப் பக்கம் வேலைக்குப் போகிறவள் என்பதால் அவளிடம் கொடுத்தனுப்பினான். அவனுடைய பெட்டி திரும்பி வரவில்லை. தனக்கு அவன் புதிதாக இன்னொன்று செய்துகொண்டான்.

புதன் காலை நாகேஸ்வரி அழைத்தாள்.

"அண்ணை, அவருக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சந்தனம். வாசம் சோபாமட்டும் போயிருக்கு. பெட்டியை இப்ப என்னட்டத் தாறேல்லை. 'பெட்டிக்கு வைக்காதை, எனக்கு வை' எண்டு நெத்தியைக் காட்டுறார். கலியாணத்தண்டைக்குப் பிறகு இந்த மனிசன் பொட்டு வைச்சதை நான் காணேல்லை. என்னை ஒரு பேச்சுப் பேசேல்லை அண்ணை, ஒரு பேச்சு. நீங்களும் பேசேல்லை."

நாலு வருடமாக வாய்க்குள் கிடந்த ஒன்றை வெளியே எடுப்பது இறுகிய சந்தனத்தை ஊசியால் எடுப்பதிலும் கடினமாக இருந்தது.

"நாகேசு, அண்டைக்கு வீடு குடிபுகேக்க நான் சொன்ன சொல்லு..."

"விடுங்கோ அண்ணை."

"விடேலாது. அது உனக்குச் சொன்னதில்லை. ஆனால் உனக்குத்தான் பட்டது. என்னை மன்னிச்சுக்கொள்."

மறுமுனையில் அவள் மூக்கைச் சிந்துவது கேட்டது. பிறகு, "சாப்பிட்டியளோ?" என்று கேட்டாள்.

வியாழன் பகல் இரண்டு மணிக்குத் திருத்துமேசையில் தொலைபேசி அடித்தது. தங்கையின் இலக்கம். எடுத்தால் தங்கை இல்லை.

"நாலு" என்றது இராஜேந்திரனின் குரல்.

"என்ன நாலு?"

"உன்ர தலை. ஊதினது நாலு. தாதிக்காரி நம்பாமல் இரண்டாந்தரமும் ஊதச் சொன்னவள். அதுக்கும் நாலு."

தேவராசா கையிலிருந்த சூடான ஈயக்கோலைத் தாங்கியில் வைத்தான்.

"வாற மாசம் பதினெட்டாம் திகதி ஒப்பரேசன், வெட்டீனம். புதன்கிழமை. ஆஸ்பத்திரிப் பக்கம் வந்திடாதை. வந்தால் சனம் நாங்கள் கதைக்கிறமெண்டு நினைக்கும்."

"சரி. வரேல்லை."

"நாகேசு தனிய இருப்பாள், அதுக்கும் நீ வரத் தேவையில்லை."

"எத்தினை மணிக்கு வெட்டீனம்?"

அந்தப் பக்கம் ஒரு நீண்ட இழுவையின் சத்தம் கேட்டது. பிறகு அது வெளியேறும் சத்தம்.

"காலமை ஏழுக்கு நிக்கவேணுமாம். இரண்டாம் மாடி. லிப்ட் பழுது, படியாலதான் ஏறவேணும்" என்றுவிட்டு இராஜேந்திரன் தொலைபேசியை அடித்து வைத்தார்.